மன்னன் மால்கமும் மாறிப்போன பட்டப்பெயரும்

முன்னுரை

ஆங்கில இலக்கியம் பயின்றோர் அனைவரும் 'மக்பெத்' நாடகத்தை அறிவர். கொலையுண்ட டங்கன் மன்னனின் மூத்த மகனாக அந்நாடகத்தில் வருபவன் மால்கம். தந்தை இறந்ததும் அவன் இங்கிலாந்துக்கு ஓடுகிறான். படையுடன் திரும்பி வருகிறான். இறுதிக் காட்சியில் முடிசூடப் புறப்படுகிறான். அத்துடன் திரை விழுகிறது. ஆனால் வரலாற்றில் மால்கமின் கதை அங்கேதான் தொடங்குகிறது. கி.பி. 1058 முதல் 1093 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் ஸ்காட்லாந்தை ஆண்ட அவனை வரலாற்று நூல்கள் மூன்றாம் மால்கம் என்றும், 'கேன்மோர்' மால்கம் என்றும் வழங்குகின்றன.

கேன்மோர் என்பது கெய்லிக் மொழிச் சொற்றொடரின் ஆங்கிலத் திரிபு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கிய அம்மொழியில் 'கென்' என்றால் தலை. 'மோர்' என்றால் பெரிது. நம் மொழியில் தலை என்னும் சொல்லிலிருந்து தலைவன் பிறந்தது போல, அங்கும் தலை என்பது உறுப்பையும் குறிக்கும், தலைமையையும் குறிக்கும். ஆகவே அப்பெயரைப் 'பெருந்தலை' என்றே நாம் தமிழாக்கலாம். பெரிய தலையை உடையவன் என்றும், பெருந்தலைவன் என்றும் இருபொருளும் அதில் அமையும். இம்மன்னனின் வாழ்வையும், அப்பெயர் உண்மையில் அவனுக்கு உரியதுதானா என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கெய்லிக் மன்னரும் காரணப்பெயரும்

இடைக்காலக் கெய்லிக் அரச குடியினர் தம் பிள்ளைகளுக்குச் சில பெயர்களையே மாறி மாறி இட்டனர். கென்னத், கான்ஸ்டன்டைன், டொனால்டு, மால்கம் என்னும் பெயர்கள் ஸ்காட்லாந்து அரச வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாம், இரண்டாம், மூன்றாம் என எண்ணிட்டு வழங்கும் முறை பிற்கால வரலாற்றாசிரியர் வகுத்தது. அக்காலத்து மக்கள் ஒருவனை மற்றவனிடமிருந்து பிரித்தறிய இரு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, இன்னார் மகன் என்று தந்தை பெயரைச் சேர்த்துச் சொல்வது. மற்றொன்று, உடல் அடையாளம், குணம், செயல், ஊர், இறந்த விதம் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு அடைமொழி சேர்ப்பது. இலக்கண நூலார் கூறும் இடுகுறிப் பெயரின் பின்னால் ஒரு காரணப்பெயர் வந்து நிற்கும் முறை இது எனலாம்.

அயர்லாந்தின் வடபகுதியில் வாழ்ந்த ஓர் அரச குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைப் பார்த்தாலே இம்மரபு விளங்கும். நியல் என்னும் மன்னன் 846ஆம் ஆண்டு காலன் என்னும் ஆற்றில் மூழ்கி இறந்தான். அதனால் அவன் 'காலன் ஆற்று நியல்' ஆனான். உயிரோடிருந்த காலத்தில் தன் பட்டப்பெயரை அவன் அறிந்திருக்கவே முடியாது. அவன் மகன் ஏய்த் என்பவனுக்கு 'வெளிர்நரையன்' என்று பெயர். பேரன் மற்றொரு நியல். அவனைக் 'கருமுழங்காலன்' என்றனர். 919இல் டப்ளின் நகருக்கருகே வைக்கிங்குகளுடன் பொருது மாண்ட அக்கருமுழங்காலனின் வழியினரே பின்னாளில் ஓ'நீல் என்னும் புகழ்பெற்ற குலத்தாராயினர்.

ஸ்காட்லாந்து மன்னர்க்கு வழங்கிய அடைமொழிகள் இவற்றினும் கடுமையானவை. பெர்கான் என்னும் துறவியின் பெயரால் வழங்கும் பழைய தீர்க்கதரிசனப் பாடல் தொகுதி ஒன்று மன்னர் பலரை இயற்பெயரால் சுட்டாமல் அடைமொழியாலேயே சுட்டுகிறது. அதில் இரண்டாம் டொனால்டு 'வெறிகொண்டவன்'. இரண்டாம் கென்னத் 'உறவினரைக் கொன்றவன்'. நம் மால்கமின் கொள்ளுப்பாட்டனான இரண்டாம் மால்கம் 'அழிப்பவன்'. மக்பெத் 'செந்நிற மன்னன்'. ஆட்சியுரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு நேரே செல்லாமல், அரச குலத்தின் கிளைகளுக்கிடையே மாறி மாறிச் சென்ற நாடு அது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் குருதி சிந்தியது. அக்குருதியின் கணக்கை அடைமொழிகள் மறைக்கவில்லை. புகழுரையாக மட்டும் அவை நின்றிருந்தால் இன்று நமக்கு அவற்றால் பெரும்பயன் இராது.

நாடகத்தில் மால்கமின் தம்பியாக வரும் டொனால்பெயின் என்பவனும் இம்மரபுக்குச் சான்றாவான். அவன் இயற்பெயர் டொனால்டு. 'பான்' என்பது வெண்மையைக் குறிக்கும் அடைமொழி. வெண்ணிற முடியுடைய டொனால்டு என்பதே பொருள். பெயரும் அடையும் ஒட்டி ஒரே சொல்லாகி, அடைமொழி என்ற நினைவே மறைந்துவிட்டது.

இளமையும் அரசுரிமைப் போரும்

மால்கம் ஏறத்தாழ 1031இல் பிறந்தவன். கெய்லிக்கில் அவன் பெயர் 'மேல் கோலம்' என்பது. அயோனாத் தீவில் மடம் நிறுவிய கொலும்பா என்னும் துறவியின் அடியவன் என்று அதற்குப் பொருள். அவன் தந்தை டங்கன் 1034இல் அரியணை ஏறினான். நாடகத்தில் வருவது போல் அவன் நரைத்த முதியவன் அல்லன், இளவயதினன். 1040ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில் வடக்கே எல்கின் நகருக்கு அருகே மக்பெத்தின் ஆட்களால் அவன் கொல்லப்பட்டான். விருந்தினனாகப் படுக்கையில் உறங்கும்போது கொலையுண்டான் என்பது நாடகப் புனைவு.

தந்தையை இழந்தபோது மால்கம் சிறுவன். நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் வளர்ந்தான் என்று பிற்கால நூல்கள் கூறும். மக்பெத் பதினேழு ஆண்டுகள் ஆண்டான். 1050இல் உரோமை நகருக்குத் திருப்பயணம் சென்று ஏழைகளுக்குப் பொருளை வாரி வழங்கினான் என்று அக்கால ஆண்டுக்குறிப்பு தெரிவிக்கிறது. நாட்டைவிட்டு அத்தனை தொலைவு செல்லத் துணிந்தவன் ஆட்சியில் அச்சமின்றி இருந்தான் என்றே நாம் கொள்ளவேண்டும்.

1054இல் நார்த்தம்பிரியா நாட்டுத் தலைவன் சிவார்டு பெரும்படையுடன் வந்து மக்பெத்தைத் தோற்கடித்தான். ஆயினும் மக்பெத் உடனே வீழவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1057 ஆகஸ்டில், லம்ஃபனன் என்னுமிடத்தில் மால்கமின் படையால் கொல்லப்பட்டான். அப்போதும் முடி மால்கமிடம் வரவில்லை. மக்பெத்தின் மனைவிக்கு முதல் கணவன் வழிப் பிறந்த லூலக் என்பவன் மன்னனாக்கப்பட்டான். சில திங்களே ஆண்ட அவனையும் 1058 மார்ச்சில் மால்கம் சூழ்ச்சியால் கொன்றான் என ஐரிஷ் ஆண்டுக்குறிப்பு ஒன்று பதிவு செய்துள்ளது. பிற்கால இலத்தீன் அரசர் பட்டியல்கள் லூலக்கிற்குத் தந்த அடைமொழி 'பேதை' என்பது. தோற்றவனுக்கு வென்றவர் தரப்பு இட்ட பெயர் அது என்று கருத இடமுண்டு.

இவ்வாறு இருவரின் உயிரைக் கவர்ந்து மால்கம் அரியணை ஏறினான். தந்தையின் அரசை மீட்ட மகன் என்று அவனைக் காண்பது ஒரு பார்வை. பாட்டன்மார் நடந்த வழியிலேயே நடந்த மற்றுமொரு மன்னன் என்று காண்பது இன்னொரு பார்வை. இரண்டும் பொருந்தும்.

இருமொழி அறிந்த மன்னன்

மால்கமின் முதல் மனைவி இங்கிபியர்க். ஆர்க்னித் தீவுகளை ஆண்ட நார்ஸ் தலைவன் தோர்ஃபினின் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவளுக்குப் பிறந்த மகன் பாட்டன் பெயரான டங்கன் என்பதைப் பெற்றான்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். பழைய ஆங்கில அரச குடும்பத்தின் எஞ்சிய வாரிசான எட்கர் தன் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் 1068இல் ஸ்காட்லாந்தில் தஞ்சம் புகுந்தான். அவன் சகோதரி மார்கரெட் அங்கேரி நாட்டில் பிறந்தவர். கல்வியும் பக்தியும் மிக்கவர். ஏறத்தாழ 1070இல் டன்ஃபர்ம்லின் நகரில் மால்கம் அவரை மணந்தான்.

அரசியாரின் வாழ்க்கையை அவரை நன்கறிந்த டர்காட் என்னும் துறவி எழுதிவைத்தார். மால்கமின் அகவாழ்வை அந்நூலால்தான் நாம் அறிகிறோம். மன்னனுக்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் அரசியார் விரும்பிப் படிக்கும் நூல்களைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்ப்பானாம், முத்தமிடுவானாம், பொற்கொல்லரை வரவழைத்து அவருக்குப் பிரியமான நூலொன்றுக்குப் பொன்னும் மணியும் பதித்து உறை செய்து தந்தானாம். ஏழைகளுக்குக் கொடுப்பதற்காக அரசியார் அவனுடைய காசுகளை எடுத்துக்கொள்ளும்போது தெரிந்தும் தெரியாதவன் போல் இருப்பானாம்; சில வேளை கையும் களவுமாகப் பிடித்து வேடிக்கையாகப் பேசுவானாம். போரும் கொலையுமாகக் கழிந்த ஒரு வாழ்வில் இத்தகைய பகுதியும் இருந்தது என்பது நம் நெஞ்சைத் தொடுகின்றது.

அந்நூலிலுள்ள மற்றொரு செய்தி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. திருச்சபை நடைமுறைகளைச் சீர்திருத்த விரும்பிய அரசியார் நாட்டின் குருமாரைக் கூட்டி விவாதித்தார். அரசியாருக்குக் கெய்லிக் தெரியாது. குருமாருக்கு ஆங்கிலம் தெரியாது. தன் தாய்மொழியைப் போலவே ஆங்கிலத்தையும் அறிந்திருந்த மன்னன் நடுவில் அமர்ந்து இருவர் பேச்சையும் மொழிபெயர்த்தான். நாடாளும் மன்னனே மொழிபெயர்ப்பாளனாக இருந்த அக்காட்சியில் ஒரு காலத்தின் திருப்பம் அடங்கியுள்ளது. அதுவரை ஸ்காட்லாந்து அரசவையின் மொழி கெய்லிக். அன்று முதல் அதன் பக்கத்தில் மற்றொரு மொழி வந்து அமர்ந்தது.

பிள்ளைகளின் பெயர்களிலும் அத்திருப்பம் வெளிப்படுகிறது. மார்கரெட்டுக்குப் பிறந்த ஆண்மக்கள் அறுவர்: எட்வர்டு, எட்மண்டு, எதல்ரெட், எட்கர், அலெக்சாண்டர், டேவிட். பெண்மக்கள் இருவர்: எடித், மேரி. முதல் நால்வரின் பெயர்களும் ஆங்கில மன்னர் பெயர்கள். எட்டுப் பேரில் ஒருவர்க்குக்கூடத் தந்தைவழி முன்னோரின் கெய்லிக் பெயர் இடப்படவில்லை. மூத்தவளுக்குப் பிறந்த மகனுக்கு டங்கன். இளையவருக்குப் பிறந்த மகனுக்கு எட்வர்டு. இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அவ்வரண்மனை மாறியது.

மன்னனின் துணிவைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றையும் இங்குச் சொல்லவேண்டும். மால்கமின் இளைய மகன் டேவிட் சொல்லக் கேட்டதாக ரீவோ மடத்துத் தலைவர் ஏல்ரெட் எழுதியது அது. தன்னைக் கொல்லச் சதிசெய்த ஒருவனை அறிந்த மால்கம், வேட்டையின்போது அவனைத் தனியே அழைத்துச் சென்றான். இருவரும் தனித்திருக்கிறோம், இருவரிடமும் ஆயுதமுண்டு, கொல்ல விரும்பினால் ஆண்மகனாக நேரே பொருது கொல்லலாம் என்றான். சதிகாரன் குதிரையிலிருந்து இறங்கி அடிபணிந்தான், மன்னன் மன்னித்தான். மகன் நினைவில் நின்ற தந்தையின் உருவம் இது.

எல்லைப் போர்களும் இறுதியும்

மால்கம் தன் ஆட்சியில் ஐந்து முறை வட இங்கிலாந்தின் மீது படையெடுத்தான். 1070இல் நடந்த படையெடுப்பில் ஆடவரும் பெண்டிரும் கூட்டங்கூட்டமாகச் சிறைபிடிக்கப்பட்டனர். ஆங்கில அடிமை இல்லாத வீடே ஸ்காட்லாந்தில் அரிது என்னுமளவுக்கு நிலை இருந்ததாக டர்ஹம் நகரத்து வரலாறு கூறுகிறது. இதே அடிமைகளைத்தான் அரசியார் பொருள் கொடுத்து விடுவித்தார் என்று டர்காட் எழுதுகிறார். கணவன் சிறைபிடித்தவர்களை மனைவி விலை கொடுத்து விடுவித்த இம்முரண்பாட்டை நாம் மறைக்கவேண்டியதில்லை.

1072இல் நார்மானிய மன்னன் வில்லியம் தரைப்படையும் கடற்படையும் கொண்டு வடக்கே வந்தான். அபர்நெத்தி என்னுமிடத்தில் மால்கம் பணிந்தான். மூத்த மகன் டங்கனைப் பிணையாக ஒப்படைத்தான். வில்லியமின் மக்களும் அடைமொழியாலேயே அறியப்பட்டவர்கள். மூத்தவன் ராபர்ட் 'குட்டைக் காலுறையான்'. இளையவன் வில்லியம் 'செந்நிறத்தான்' என்று பொருள்படும் ரூஃபஸ். 1080இல் ராபர்ட் வடக்கே வந்து திரும்பும் வழியில் டைன் ஆற்றங்கரையில் கட்டிய புதுக்கோட்டையே இன்றைய நியூகாசில் நகரின் பெயருக்குக் காரணம். 1092இல் ரூஃபஸ் கார்லைல் நகரைக் கைப்பற்றியதும் பகை முற்றியது.

1093 ஆகஸ்டில் டர்ஹம் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் மால்கம் கலந்துகொண்டான். அதே திங்களில் ரூஃபஸைச் சந்திக்கக் குளோஸ்டர் நகர்வரை சென்றான். ரூஃபஸ் அவனைப் பார்க்க மறுத்துவிட்டான். மானம் குலைந்து திரும்பிய மால்கம் குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் படை திரட்டித் தெற்கே புகுந்தான். நவம்பர் 13ஆம் நாள் ஆனிக் என்னும் ஊரருகே பதுங்கியிருந்த நார்மானியப் படை அவனைச் சூழ்ந்தது. அவனைக் கொன்ற மொரெல் என்பவன் மன்னனோடு சமயவழி உறவு பூண்டவன் என்று ஆங்கில ஆண்டுக்குறிப்பு கூறும். மகன் எட்வர்டும் அப்போரில் புண்பட்டு இறந்தான். எடின்பரோவில் நோய்ப்படுக்கையில் இருந்த அரசியாருக்குச் செய்தி எட்டியது. மூன்றாம் நாள், நவம்பர் 16இல், அவரும் கண்மூடினார். மன்னனின் உடல் பகைவர் மண்ணிலேயே டைன்மவுத் மடத்தில் புதைக்கப்பட்டு, பின்னர் டன்ஃபர்ம்லினுக்குக் கொண்டுவரப்பட்டது.

தம்பி வெண்முடி டொனால்டு உடனே அரியணை ஏறி, அரசவையிலிருந்த ஆங்கிலேயரை வெளியேற்றினான். ஆனால் அவனால் நிலைக்க முடியவில்லை. 1097 முதல் மால்கமின் மக்கள் எட்கர், அலெக்சாண்டர், டேவிட் ஆகிய மூவரும் அடுத்தடுத்து ஆண்டனர். அவ்வழியினரின் ஆட்சி 1286 வரை நீடித்தது. வரலாற்றாசிரியர் அதனைக் 'கேன்மோர் அரச மரபு' என்று பெயரிட்டு வழங்கினர்.

பெருந்தலை யார்?

இனி, பட்டப்பெயரின் செய்திக்கு வருவோம். மால்கம் மறைந்த செய்தியை அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு 1093ஆம் ஆண்டின்கீழ் தருகிறது. அரசியார் துயரத்தால் இறந்ததையும் சொல்கிறது. ஆனால் அங்கு அவன் டங்கன் மகன் மால்கம் மட்டுமே, பெருந்தலை அல்லன். நார்ஸ் மொழியில் எழுந்த ஆர்க்னி வரலாறு அவனுக்கு ஓர் அடைமொழி தருகிறது. அதுவும் தலையைப் பற்றியதன்று, 'நெடுங்கழுத்தன்' என்கிறது. முதல் மனைவியின் நாட்டார் அவனை நினைவுகூர்ந்த விதம் அது.

அப்படியானால் பெருந்தலை என்னும் பெயர் எங்கே வருகிறது? அதே அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பில், 1165ஆம் ஆண்டின்கீழ் வருகிறது. அவ்வாண்டில் இறந்த மன்னனும் மால்கம்தான். ஆனால் அவன் ஹென்றியின் மகன், டேவிட்டின் பேரன், நம் மால்கமுக்குக் கொள்ளுப்பேரன். ஈகையாலும் நோன்பாலும் சிறந்தவன் என்று அவனைப் புகழ்ந்து, பெருந்தலை மால்கம் என்று பெயர் சுட்டுகிறது அக்குறிப்பு. பன்னிரண்டு வயதில் முடிசூடி, இளமையிலேயே நோயுற்று, மணம் புரியாமல், இருபத்துநான்கு வயதில் இறந்தவன் அந்நான்காம் மால்கம். நோயினால் அவன் மண்டையோட்டு எலும்பு தடித்துப் பெருத்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அவ்வாறாயின் அப்பெயர் ஒரு நோயாளி இளைஞனின் உடல் அடையாளம், பெருந்தலைமையைக் குறித்ததன்று. மூன்றாம் மால்கமுக்கே அது உரியது என்ற கருத்தை விடாதவர்களும் உளர். எனினும் நிகழ்ச்சிக்கு நெருங்கிய காலத்துச் சான்று கொள்ளுப்பேரன் பக்கமே நிற்கிறது.

பெயர் எவ்வாறு இடம் மாறியது? இலத்தீன் வழிப்பட்ட பிற்கால நூலோர் நான்காம் மால்கமுக்குக் 'கன்னி' என்னும் அடைமொழியைத் தந்தனர். மணமாகாமல் மறைந்த அவன் தூய்மையைப் போற்றிய பெயர் அது. இலத்தீன் பெயர் வந்து அமர்ந்ததும் கெய்லிக் பெயர் உரியவனை இழந்து நின்றது. மறுபுறம், இருநூறு ஆண்டுகள் நிலைத்த அரச மரபின் மூதாதைக்கு ஏற்ற பெரும்பெயர் ஒன்று தேவைப்பட்டது. இருவர் இயற்பெயரும் மால்கம் என்பதால் மாற்றம் எளிதாயிற்று. பெரிய தலை பெருந்தலைமை ஆயிற்று.

இம்மாற்றத்துக்கு ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. 1249இல் மூன்றாம் அலெக்சாண்டர் ஸ்கூன் என்னுமிடத்தில் முடிசூடியபோது, முதிய கெய்லிக் புலவர் ஒருவர் எழுந்து அவன் முன்னோர் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கெய்லிக்கில் ஓதினார் என்று வரலாறு கூறும். ஏனைய அலுவல்களில் அரசவை அம்மொழியைக் கைவிட்டிருந்தது. பெயர்களை ஓதும் கடமை மட்டும் அப்புலவரிடம் எஞ்சியிருந்தது. ஒரு மொழி அரண்மனையில் வழக்கொழியும்போது அதன் சொற்கள் உடனே மறைவதில்லை. சொற்கள் நிற்கின்றன, அவை யாரைக் குறித்தன, எதைக் குறித்தன என்னும் அறிவுதான் முதலில் மறைகின்றது. கெய்லிக் அறியாத நூலோர் கையில் கேன்மோர் என்னும் சொல் பொருளிழந்த ஒலியாகி, யார் மேலும் ஏற்றத்தக்கதாயிற்று.

முடிவுரை

தன் பிள்ளைகளுக்குக் கெய்லிக் பெயரிடாத மன்னன் ஒரு கெய்லிக் பட்டப்பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறான். அதுவும் அவன் கொள்ளுப்பேரனுடையதாக இருக்கக்கூடும். இதனால் மூன்றாம் மால்கமின் சிறப்பு குறைந்துவிடாது. அவன் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டதும், இருமொழிக்கு நடுவில் அமர்ந்ததும், ஆனிக்கில் வீழ்ந்ததும் பட்டப்பெயரின் துணையின்றியே நிற்கும். இழப்பு நேர்ந்தது இளைஞனான நான்காம் மால்கமுக்கே. நோயோடு போராடி ஈகையால் பெயர் பெற்ற அவனை மக்கள் அழைத்த பெயர் அவனிடம் இல்லை.

இலக்கியமும் வரலாறும் பயிலும் நம் மாணவர்க்கு இதில் ஒரு கடமை புலப்படும். வழிவழியாக வரும் பட்டப்பெயரைக் கேட்டவுடன் ஏற்பதும் தவறு. புனைவென்று ஒதுக்குவதும் தவறு. அப்பெயரை முதன்முதலில் எழுதியவர் யார், எந்த ஆண்டில், எம்மொழியில், யாரைக் குறித்து எழுதினார் என்று தேடவேண்டும். அத்தேடலுக்கு அப்பெயர் பிறந்த மொழியைக் கற்றிருத்தல் வேண்டும். மொழியறிவு வரலாற்றறிவின் முதற்படி என்பதை மால்கமின் பெயர் நமக்கு உணர்த்துகின்றது.